ஆத்தாவிடம் கேட்காமல் விட்ட மாத்திரை

போன வியாழக்கிழமை காலை. காபியை ஆற்றிக் கையில் எடுக்கிறேன்... போன். ராமநாதபுரம் மாவட்டத்தில், சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் என் ஓரகத்தி செல்வி. அதாவது, என் கணவரின் தம்பி காளிமுத்துவின் மனைவி.

“அக்கா, ஊருக்கே கூழ் ஊத்தப் போறேன். ஆயிரம் பேருக்கு! ஆட்டையெல்லாம் வித்துர வேண்டியதுதான். நீங்க ராம்நாட்ல இருந்து நூறு மஞ்சச் சேலை எடுத்துட்டு வாங்க. எங்க வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கால்ல...”

மூச்சு விடாமல் பேசினாள். ஆத்தா வந்திருக்கிறாள் என்றால், அவள் மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது.

“செல்வி, தூங்குனியா?”

“தூக்கமா? கண்ண மூடியே மூணு நாளாச்சு. ஆனா பாருங்க, அசதியே இல்லக்கா!”

காபியை அப்படியே கீழே வைத்தேன். உங்களுக்கு இது பக்தியாகத் தெரியலாம். ஊருக்கும் அப்படித்தான் தெரிந்தது. இரவெல்லாம் விழித்திருந்து பிள்ளைக்கு வேப்பிலையால் விசிறுகிறாள், என்ன தாய்! ஊருக்கே கூழ் ஊற்றுகிறாள், என்ன மனசு!

ஆனால் சில வருஷங்களுக்கு முன்பும் இதே போல்தான் ஆரம்பித்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு ஓயாத பேச்சு, கழுத்தில் கிடந்ததைக் கழற்றி யாருக்கோ கொடுத்தது. அதெல்லாம் வடிந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஒருநாள் மத்தியானம் அவளைக் கிணற்றடியிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தது நான்தான். அந்தக் கையின் குளிர்ச்சி இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் டாக்டரிடம் போனோம். மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் ஒரேயடியாக இறங்குவதுமான நோய் என்றார். லித்தியம் மாத்திரை கொடுத்தார். “இதுவும் ஒரு வகை உப்புதாம்மா” என்று அவர் சொன்னபோது, “உப்பு நம்ம ஊர்லயே விளையுதே டாக்டர்” என்று காளிமுத்து சிரித்தான். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, தினமும் மாத்திரை. செல்வி பழைய செல்வி ஆனாள். மிளகாய்க் காட்டில் அவள் குரல்தான் முதலில் கேட்கும்.

அப்படியிருக்க, இப்போது என்ன ஆயிற்று?

பஸ் பிடித்து ஓடினேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பிள்ளை பாயில் படுத்திருந்தாள். கொப்புளம் காய ஆரம்பித்துவிட்டது, காய்ச்சலும் இல்லை. செல்வி அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள், கண்கள் சிவந்து கிடந்தன. காளிமுத்து என்னைத் தனியாக அழைத்துப் போனான்.

“ஆத்தா வீட்ல இருக்கைல இங்கிலீஷ் மருந்து ஆகாதுல்ல மதினி. பாப்பாவுக்கு உடம்புல முத்து தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்திட்டா.”

எங்கள் பக்கத்து வழக்கம் இது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், இங்கிலீஷ் மருந்து யாரும் தொட மாட்டார்கள். நோயாளி மட்டுமல்ல, வீடு மொத்தமும்.

“சரி, அத்தைக்குச் சர்க்கரை ஊசி?” என்றேன். அத்தை என்றால் எனக்கும் செல்விக்கும் மாமியார்.

“அம்மாவுக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். அதுக்குக் கோயில்ல பூ கேட்டு உத்தரவு வாங்கிட்டோம்ல.”

பூ கேட்பது தெரியும்தானே? விஷயத்தைப் பூசாரியிடம் சொல்ல வேண்டும். வாய்விட்டு, அம்மன் காதில் விழுகிற மாதிரி. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எடுக்கும்போது வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம்.

“அப்பவே செல்வி மாத்திரைக்கும் கேட்டிருக்கலாமே?”

காளிமுத்து தரையைப் பார்த்தான். “அவ்வளவு பேரு முன்னாடி... என்ன மாத்திரைன்னு சொல்ல மதினி? ஊருக்குள்ள ரத்தச் சோகைன்னுல்ல சொல்லி வச்சிருக்கோம்.”

கோபம் வந்தது. அவன் மேல் மட்டுமா? நம் எல்லோர் மேலும்தான். கல்யாணப் பந்தியில் சர்க்கரை அளவை நாம் பரீட்சை மார்க் மாதிரி சொல்லிக்கொள்கிறோம். “எனக்கு முந்நூறு!” “அட, எனக்கு நானூறு!” பிரஷர் மாத்திரையை இலைக்குப் பக்கத்திலேயே வைத்து விழுங்குகிறோம். மனசுக்கான மாத்திரை மட்டும் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. மூளையும் இந்த உடம்பில்தானே இருக்கிறது?

டாக்டருக்கு போன் போட்டேன். “தூக்கம் போனதுதான் முதல் எச்சரிக்கை. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நீங்களா பழைய அளவை ஆரம்பிக்க வேண்டாம், ரத்தம் பார்த்துட்டுச் சொல்றேன். குழந்தையையும் ஒரு தடவை காட்டிடுங்க” என்றார்.

ஆனால் செல்வி அசைய வேண்டுமே! காளிமுத்து ஆட்டோவுக்குச் சொன்னதும் தூணைக் கட்டிக்கொண்டாள்.

“ஆத்தாள வீட்ல வச்சுக்கிட்டு நான் மாத்திரை திங்கவா? எம் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?”

கத்தியவள் சட்டென்று அழுதாள். அவளுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. “பயமா இருக்குக்கா, திரும்ப வந்துருமோ?” என்று என் தோளில் சாய்ந்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிள்ளைக்காகத் தன்னையே பணயம் வைத்திருப்பவளிடம் எந்த விஞ்ஞானத்தைப் பேசுவது?

காளிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டான். “வாங்க மதினி, கோயிலுக்குப் போவோம்.”

“சிவப்பு வந்துட்டா?”

“திரும்பக் கேப்பேன். வெள்ளை வர்ற வரைக்கும் கேப்பேன்.”

கோயிலில் கூட்டம். அம்மை கண்ட வீட்டுப் பெண்கள் தீர்த்தம் வாங்கக் குடத்தோடு நின்றார்கள். காளிமுத்து பூசாரி முன்னால் போய் நின்றான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“சாமி, எம் பொஞ்சாதிக்கு மனசுல வியாதி. அதுக்கு மாத்திரை சாப்பிடுறா. ரத்தச் சோகைன்னு சொன்னதெல்லாம் பொய். மாத்திரை இல்லைன்னா அவ எங்களுக்கு இல்ல. ஆத்தா உத்தரவு குடுக்கணும்.”

பூசாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

“உங்கம்மாவுக்குக் கேட்ட அன்னைக்கே இதையும் கேட்டுருக்கலாம்லடா” என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டுதான் செல்வி பிள்ளையோடு ஆட்டோவில் ஏறினாள். இதை எழுதும்போது மாத்திரை திரும்ப ஆரம்பித்துவிட்டது. தூக்கம் மெல்ல மெல்ல வருகிறதாம். முழுசாகத் தேறச் சில வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். காத்திருக்கிறோம். ஆடுகள் பத்திரம்.

உத்தரவு கிடைக்காமல் போயிருந்தால் என்று கேட்கிறீர்களா? அம்மன் என்றைக்கு மறுத்தாள்? அவளிடம் யாரும் கேட்கவே இல்லை, அதுதானே விஷயம்!

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நாங்கள் பூவை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வரிசையில் நின்ற ஒரு அம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

“ஏலே காளிமுத்து, செத்த நில்லு” என்றவர் பூசாரி பக்கம் திரும்பினார். “சாமி, எம் மகனுக்கும் இந்த மாதிரி மாத்திரைதான். ஆத்தாளுக்குத் தெரியாம ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். எனக்கும் ஒரு பூ போட்டுப் பாருங்க.”

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடங்கள் கீழே இறங்கின.