நான் இறுக்கிய திருகு

என் மனைவி மாலதியின் வலக்கண்ணைப் பறித்தவன் அவளுடைய தம்பி குமரேசன் அல்ல. நான்! அவளை ரத்தத்தோடு காரில் அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் திரும்பி வந்து ஒரு திருகை இறுக்கியவனும் நான்தான்.

காறித் துப்பத் தோன்றுகிறதா உங்களுக்கு? துப்புங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுத் துப்புங்கள்.

திருச்சியில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். முறையான லைசென்ஸோடு ஒரு பாயின்ட் டூ டூ ரைஃபிள் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற பூட்டுக் கம்பியைக் கையால் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளினால்தான் தோட்டா ஏறும். விரலால் அழுத்திச் சுடும் அதன் விசை எனக்குக் கனமாகப் பட்டது. உள்ளே இருந்த திருகைத் தளர்த்தினேன். இன்னும் தளர்த்தினேன்... குறி அப்படிப் பதிந்தது! தலைகால் புரியாமல் ஆடினேன்.

ஒருநாள் தோட்டா இல்லாமல் போல்ட்டை வேகமாகத் தள்ளிப் பார்த்தேன். விசையை நான் தொடவே இல்லை. சுடும் ஊசி 'டிக்' என்று தானாக விழுந்தது. அப்படி விழுந்தால் அது ஆளைக் கொல்லும் துப்பாக்கி என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்... அடுத்து வரவிருந்த போட்டி முடியட்டும், பிறகு இறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் சாமி முன்னால் எதையும் வெறுமையாக வைப்பதில்லை. மரக்கால் என்றால் நெல் இருக்கும்; குடம் என்றால் தண்ணீர் இருக்கும். அதே நினைப்பில் ரைஃபிளின் மகசினில் ஒரு தோட்டாவைப் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துச் சுவரில் சாய்த்தேன். என் புத்தி எங்கே போயிற்று!

தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் குமரேசன் பூஜைக்கு வந்திருந்தான். பூஜை முடிந்ததும், ரைஃபிளைக் கொஞ்சம் ஓரமாக எடுத்து வை என்று மாலதிதான் அவனிடம் சொன்னாள். சொல்லிவிட்டுப் பொரித் தட்டை எடுக்கக் குனிந்தாள். துப்பாக்கி கைக்கு வந்தால் எவனும் செய்வதையே அவனும் செய்தான். போல்ட்டை இழுத்தான், தள்ளினான்.

வெடித்தது.

அவன் விரல் விசைப் பக்கமே போகவில்லை. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!

குத்துவிளக்கில் பட்டுத் தெறித்த ஈயத் துணுக்கு மாலதியின் கண்ணில் பாய்ந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு சரிந்தாள். விரலிடுக்கில் வழிந்த ரத்தம் பொரியிலெல்லாம் சொட்டியது. நான் அவளைத் தூக்கவில்லை. குமரேசன் மேல் பாய்ந்தேன். விசையில் கை வைத்தாயா, விசையில் கை வைத்தாயா என்று கத்திக் கத்தி அறைந்தேன். விழுந்தவனை மிதித்தேன். பல் உடைந்தது. அவன் கையைக்கூட உயர்த்தாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இல்லை... பயம்! பொய்யை முதலில் நானே சொல்லிவிட வேண்டும் என்ற பயம்.

பக்கத்து வீட்டுக்காரர் அவளைத் தம் காரில் ஏற்றினார். பின்னாலேயே வருகிறேன் என்றேன். போகவில்லை. போலீஸ் வருவதற்குள் திருகை இறுக்கினேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சோதித்தவர்கள் துப்பாக்கியில் கோளாறு இல்லை என்றார்கள். தோட்டாவோடு வைத்திருந்ததற்காக எனக்கு லைசென்ஸ் போனது. அவனுக்கு அக்கா போனாள்.

பொங்கலுக்குப் பொங்கல் அவன் சீர் கொண்டுவருகிறான். பூவன் தார், கரும்பு, மஞ்சள் கொத்து... மாலதி கேட்டைத் திறப்பதில்லை. வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவான்.

இந்தப் பொங்கலுக்கும் வந்தான். நான் கேட் வரை போனேன். தாரை இறக்கிவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"மாமா, எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். விசையில விரல் வெச்ச மாதிரியே எனக்கு ஞாபகம் இல்ல. நெஜமாவே வெச்சேனா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். ஜன்னலோரம் மாலதி நின்றிருந்தாள். மிச்சமிருக்கும் கண்ணால் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெச்சடா," என்றேன். "நான் பாத்தேன்."

தலையாட்டினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். தாரைத் தூக்கி உள்ளே வைத்தேன். பழுத்ததும் நானேதான் தின்றேன். மாலதி அதைத் தொடுவதில்லை.