சீமாட்டி தொடாத இலை

என் அக்கா யாரையும் நம்பமாட்டாள். எடை போடும்போது கடைக்காரர் கையையே முறைப்பாள். அவள் நம்பிய ஒரே ஜீவன் சீமாட்டி, புட்டிப்பால் கொடுத்து வளர்த்த வெள்ளாடு.

மாமனார் விட்டுப்போன திராட்சைத் தோட்டம் பாதி பட்டுக் கிடந்தது. ஒருநாள் கவாத்து செய்து வெட்டிப்போட்ட கொடிகளை ஆட்டுக்குப் போட்டாள். சோப்பையே தின்கிற சனியன் அது, முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"ஆடே தொடலைன்னா, இதுல என்னத்தடி அடிச்சு வச்சிருக்காங்க?" என்றாள் என்னிடம். அன்றோடு மருந்தடிப்பதை நிறுத்தினாள். வேருக்குச் சாணமும் சருகும், இலையில் வெண்பொடியாய்ப் படரும் சாம்பல் நோய்க்குப் புளித்த மோர்.

கொழுந்தன் வந்து குழைந்தான். "உங்களுக்கு ஏன் அண்ணி இந்தக் கஷ்டம்? எல்லாத்தையும் பிடுங்கிட்டு இடத்தை வாடகைக்கு விட்டுடலாம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! ஆனால் தோட்டத்தில் பாதி அவன் பங்கு, என்ன செய்வது? மூன்றாம் அறுவடையும் பொய்த்தால் பிடுங்கலாம் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள்.

மூன்றாம் வருடம் சீமாட்டி இலையைத் தின்றது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மருந்தடிக்காத பழம் என்றால் மொத்தமும் எடுக்கிறேன் என்று ஒரு வியாபாரியும் சொல்லிப் போனார்.

பிஞ்சு பிடித்த நேரம் கடைசி வரிசையில் சாம்பல் நோய் வந்தது. மோர் தெளித்தும் அடங்காதது திடீரென்று அடங்கிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா மட்டும் ஓர் இலையைக் கிள்ளி ஆட்டிடம் நீட்டினாள். அது நகர்ந்து போயிற்று.

"எவனோ மருந்து அடிச்சிருக்கான்டி."

எவனோ என்ன எவனோ! வியாபாரியை விரட்டக் கொழுந்தன் போட்ட திட்டம்தான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிட்டுக் கேட்டோம். அவன் மறுக்கவேயில்லை.

"நான்தான் அண்ணி. அது அப்பா கையால நட்ட வரிசை. கருகுறதைப் பாக்க முடியல."

"கருகினா உனக்குத்தானேடா லாபம்?"

"தெரியும் அண்ணி. ஆனா பாக்க முடியலையே!" அவ்வளவு பெரிய மீசைக்காரன் தேம்பித் தேம்பி அழுதான்.

அக்கா கத்தரியை எடுத்து அந்த வரிசைக் குலைகளை ஒன்றுவிடாமல் வெட்டிக் கீழே போட்டாள். அவனும் கூடவே வெட்டினான். முடிந்ததும் அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"நாளைலேர்ந்து நீயும் தோட்டத்துக்கு வா," என்றாள். "என் கண்ணு முன்னாடியே இரு."