சப்பரத்துக்குச் சக்கரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ராயபுரத்தில் அந்தோணியார் திருவிழா. இந்த வருஷம் ஒரு புதுமை. சப்பரத்துக்கு அடியில் லாரி டயர் நாலு மாட்டி வண்டியாக்கிவிட்டார்கள். தோளே வேண்டாம். ஒரு தள்ளு... அந்தோணியார் ஜம்மென்று உருள்கிறார்!

எல்லோரும் கை தட்டினார்கள். என் கூட்டாளி சின்னப்பன் மட்டும் வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி நின்றான்.

ஏன் தெரியுமா? அதைச் சொல்ல யுத்த காலத்துக்குப் போக வேண்டும். (என் மருமகன் பெருமூச்சு விடுகிறான். நான் பள்ளிக்கூடம் போகாதவன். சொல்வது நான், எழுதுவது அவன். அவன் அவசரத்துக்கெல்லாம் யுத்தம் நடக்குமா?)

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான், முதல் குண்டு துறைமுகத்துக்குத்தான் என்று பேச்சு. நாங்களோ துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள். தெருத்தெருவாகக் காலியானது. என் எதிர்வீட்டுக்காரர் மாட்டுவண்டியில் முதலில் எதை ஏற்றினார் தெரியுமா? அம்மிக்கல்லை! குண்டு விழுந்தாலும் தாங்குகிற சாமான் அந்த வீட்டில் அது ஒன்றுதான். பயம் வந்தால் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

சின்னப்பன் என்னோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். ரெண்டு மூட்டையை ஒரே தோளில் தூக்குவான். ஆனால் மேலே பல்லி விழுந்தால் அலறுவான். தோள் வேறு, நெஞ்சு வேறு இல்லையா? செங்கல்பட்டுப் பக்கம் ஓடிவிட அவன் தகரப்பெட்டியைக் கட்டி வைத்துவிட்டான். பெண்டாட்டி ஞானம்மா அசையவில்லை.

"போன வருசம் வெசக்காய்ச்சல்ல கெடந்தியே, அப்ப நேந்துகினு கீறேன். நீ அந்தோணியார் சப்பரம் தூக்கணும். தூக்கிட்டு வா, அப்பால எங்க வேணா ஓடலாம்."

"அதுக்குள்ள குண்டு வுயுந்தா?"

"வுயுந்தா மோச்சம். காசு செலவில்லாம!"

அந்த வருஷம் ராத்திரியில் விளக்கு ஏற்றத் தடை. அதனால் சப்பரம் சாயங்காலமே, வெயில் இருக்கும்போதே கிளம்பியது. தூக்க ஆறு பேர். முன்னால் சின்னப்பன், அவன் முதுகுக்குப் பின்னால் நான். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. கோயிலை விட்டுப் புறப்பட்ட சப்பரம், திரும்பும்வரை தரையைத் தொடக் கூடாது. நடுவில் நிறுத்த வேண்டுமானால் நாலு கவைக்கம்பை முட்டுக் கொடுத்து நிறுத்துவோம். அந்தக் கம்புகளைச் சுமந்து வந்தவன் மிக்கேல். வழியெல்லாம் சின்னப்பனைப் பார்த்து, "இன்னா மாமு, கால் ஆடுது? டான்ஸா?" என்று நக்கல்.

பாதித் தெருவில் சங்கு ஊதியது. விமானம் வருகிறது என்கிற ஆபத்துச் சங்கு!

பேண்டு வாத்தியக்காரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மேளம் தானாக உருண்டு அவர்கள் பின்னாலேயே போனது. ஜனங்கள் சந்துக்குள். மிக்கேலும் ஓடினான்... நாலு கவைக்கம்போடு! ஓடுகிறவன் கம்பைப் போட்டுவிட்டாவது ஓடக்கூடாதா?

நடுத்தெருவில் நாங்கள் ஆறு பேர், மேலே அந்தோணியார். குண்டு விழும்போது ஜனங்களைப் பதுங்க வைக்கச் சர்க்கார் போட்டிருந்த தகரத் தொப்பி வார்டன் ஓடிவந்தார்.

"கீழ வெச்சிட்டுப் படுங்கடா!"

"எங்க வெக்கிறது? உன் தொப்பி மேலயா?" என்றேன்.

சின்னப்பன் நடுங்கினதில் சப்பரமே ஆடியது. பூவெல்லாம் எங்கள் தலையில் உதிர்ந்தது. அவன் ஓடினால் அந்தப் பக்கம் சாயும், சாமி தெருவில் கிடப்பார். அது அவனுக்கும் தெரியும். வாய்விட்டே ஜெபம் பண்ணினான்: "அந்தோணியாரே! காணாமப் போனதக் கண்டுபிடிச்சிக் குடுக்கிறவரு நீ... ஜல்தியா அந்த மிக்கேலக் கண்டுபிடிச்சிக் குடு!"

ஒதுங்கி நின்ற ஜனங்களை விலக்கிக்கொண்டு ஞானம்மா வந்தாள். முக்காடு நழுவவில்லை. புருஷன் பக்கத்தில் நின்று ஜெபமாலையை எடுத்தாள்.

"பயமா கீதுடி," என்றான்.

"எனக்குந்தான் கீது. நடுங்கு, தப்பில்ல. தோள மட்டும் எடுக்காத. அவரு பாத்துப்பாரு."

அவள் சொல்லச் சொல்ல நாங்கள் பதில் மந்திரம் சொன்னோம். எங்கள் ஆறு பேரில் கடைசியில் தூக்கி நின்ற கிழவருக்குக் கால் மடங்கியது. வார்டன் பார்த்தார்... வாயில் ஏதோ முனகிக்கொண்டே தொப்பியைக் கழற்றிவிட்டுத் தோளைக் கொடுத்தார். அவர் திருநீறு பூசுகிற மனிதர்.

விமானம் வரவில்லை. ஆபத்து நீங்கிய சங்கு ஊதிய பிறகு சப்பரத்தைக் கோயில் சேர்த்தோம். தரையைத் தொடவே இல்லை.

வெளியே வந்ததும் ஞானம்மா கேட்டாள்: "பொட்டிய எடுத்துக்கினு வரவா?"

சின்னப்பன் தோளைத் தடவிக்கொண்டான். "கட்ட அவுத்துடு. என் வேட்டி உள்ள கீது. காலீல வேலைக்கிப் போவணும்."

"பயம்?"

"அது கீது. ஒரு மூலைல இருந்துட்டுப் போவட்டும்."

விசுவாசம் வந்தால் பயம் ஓடிவிடும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் பார்த்தவரை பயம் எங்கேயும் ஓடவில்லை. சின்னப்பனும் ஓடவில்லை. அவ்வளவுதான். அது போதாதா?

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "இன்னாடா மூஞ்சி? சக்கரம் நல்லாத்தான கீது?" என்று சின்னப்பனைக் கேட்டேன்.

"நல்லாத்தான் கீது, அண்ணாத்தே. ஆனா இன்னொருவாட்டி சங்கு ஊதினா... சாமிய வுட்டுட்டு ஓட ரொம்ப வசதியாப் பூடுமே!"

வண்டியைத் தள்ளுகிறவன் யார் என்று எட்டிப் பார்த்தேன். மிக்கேல்!