மச்சம் சாப்பிடாதவனின் கரி அடுப்புகள்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் பட்டு வேட்டியில், மனைவி காஞ்சிபுரம் சேலையில். முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கியிருந்தது. மெல்பேர்ன் ரோவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அது ஹார்ட் ரப்பிஷ் வாரம். வேண்டாத கட்டில், மெத்தை, கால் உடைந்த கதிரை எல்லாவற்றையும் நகரசபை லொறி ஏற்றிப்போகட்டும் என்று வீட்டு முன் புல்லில் போட்டுவைப்பார்கள். அப்படிப் போட்டிருந்த ஒரு மெத்தைக்கு அடியிலிருந்து வார்ப்பிரும்புக் கால் ஒன்று எட்டிப் பார்த்தது. என் கால் தானாகவே பிரேக்கில் போய் நின்றது.

"இஞ்சேருங்கோ, இண்டைக்குமா?" என்றாள் மனைவி.

இறங்கி வேட்டியை மடித்துக் கட்டி மெத்தையைத் தூக்கினேன். நான் நினைத்தது சரி. ஜப்பான்காரர் ஹிபாச்சி என்று பெயர் வைத்த சின்னக் கரி அடுப்பு, எழுபதுகளில் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. கம்பித் தட்டு இரண்டும் அப்படியே இருந்தன, மரப்பிடிகூடக் கழலவில்லை. "மச்சம் மாமிசம் தின்னாத மனுசனுக்கு இவ்வளவு அடுப்பு என்னத்துக்கு எண்டு ஊரே சிரிக்குது" என்றாள். சொல்லிக்கொண்டே காரின் பின்கதவைத் திறந்து, கல்யாணப் பரிசை ஒரு பக்கமாக ஒதுக்கியும் வைத்தாள். பிறகு மண்டபத்தில் நான் அறுகரிசி போட்டு வாழ்த்தப் போனபோது மாப்பிள்ளையின் தாயார் கரி படிந்த என் விரல்களைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்.

எங்கள் கராஜில் கார் நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது. உள்ளே கரி அடுப்புகள். சிவப்பு எனாமல் மூடி போட்டவை, மூன்று காலில் நிற்பவை, சில்லு வைத்தவை, கம்பியில் குத்திச் சுழற்றுபவை. அலுமாரியில் அவற்றோடு வந்த விளம்பரத் தாள்களும் சமையல் கையேடுகளும் இருக்கின்றன. எனக்கு அடுப்பைவிடத் தாள்கள்மேல்தான் ஆசை அதிகம். அந்தக் காலத்துத் தாள்களில் இறைச்சி வாட்டுகிற ஆண் கழுத்தில் டை கட்டியிருப்பார். மனைவி தரையைத் தொடும் பாவாடையோடு, கையில் சலாட் கிண்ணத்தோடு பக்கத்தில் நிற்பாள். அவள் கணவனைப் பார்த்துச் சிரிப்பாளே தவிர அடுப்பை ஒரு தாளிலும் பார்த்ததில்லை. எதைச் சுட்டாலும் மேலே ஒரு வட்டம் அன்னாசி வைத்துவிடுவார்கள். புகை மட்டும் இராது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுகிற ஒரு மனிதனின் படத்தை எந்தத் தாளிலாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை, இன்னும் கிடைக்கவில்லை.

கிடைத்த அடுப்பை முதல்தரம் கழுவும்போது ஒரு மணம் எழும்பும். ஊறிய கொழுப்பு, சாம்பல், துரு எல்லாம் கலந்த மணம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு அந்த மணம் வந்தால் மல்கிரேவ் பக்கம் இருந்த ஒரு ஹார்ட்வெயர் கடையின் வாசல் ஞாபகம் வரும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணம் முடித்து ஆறு மாதத்தில் மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுத் தனியாக மெல்பேர்னுக்கு வந்திருந்தேன். அங்கே படித்த படிப்பை இங்கே ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் அந்தக் கடையில், கிறிஸ்மஸ் வரைக்கும் என்று சொல்லி எடுத்தார்கள். வேலை என்னவென்றால் வாசலில் நின்று கரி அடுப்பு மூட்டி, சொசேஜும் ஸ்டேக்கும் வாட்டிக் காட்டி, அடுப்பு விற்பது. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத சைவக்காரனுக்கு எப்படிப்பட்ட உத்தியோகம், பாருங்கள்!

கடை மனேஜர் பிரையன் நல்ல மனிதர். ஓர்டர் போடுவதில் மட்டும் கொஞ்சம் தாராளம். ஒரு கடைக்குக் காணும் என்று அவர் எழுதிப்போட்டது ஊருக்கே காணும் அளவில் வந்து இறங்கிவிட்டது. வாசலில் ஹிபாச்சிப் பெட்டிகள் கூரையைத் தொட்டன. நான் மச்சம் சாப்பிடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். "அதை மட்டும் வாற சனத்துக்குச் சொல்லிப்போடாதை, மேட்" என்பார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். எனக்கு இப்போது எல்லாருமே யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகத்தில் பேசுகிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ருசி பார்க்காமல் எப்படிச் சமைத்தாய் என்று கேட்பீர்கள். காதால் சமைத்தேன். சொசேஜ் முதலில் சளசளவென்று சத்தம் போடும், வெந்துவரும்போது சத்தம் அடங்கும், அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். ஸ்டேக்கை இடுக்கியால் அமத்திப் பார்ப்பேன். சாப்பிட்டவர்கள் இன்னொன்று கேட்டார்கள். அடுப்பை மட்டும் வாங்காமல் போனார்கள்.

டிசம்பர் பிறந்ததும் பிரையன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேலிடம் கத்துகிறதாம். கிறிஸ்மஸுக்குள் அந்தக் குவியல் கரைந்தால் எனக்கு ஜனவரியிலிருந்து நிரந்தர வேலை, கரையாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நிரந்தர வேலை என்று காட்டினால்தான் மனைவியைக் கூப்பிடுகிற விஷயம் நகரும். அன்று பின்னேரம் கடை சாத்தியபிறகு அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது கடல் அல்ல, இந்தக் குவியல்தான் என்று தோன்றியது. அழுகையும் வந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

கிறிஸ்மஸுக்கு முந்திய சனிக்கிழமைதான் எங்கள் கடைசிச் சான்ஸ். வாறவர்களுக்கெல்லாம் இலவச சொசேஜ் என்று உள்ளூர்ப் பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தார் பிரையன். அந்தக் காலத்தில் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் கடை சாத்திவிடுவார்கள், ஆகவே காலையில் விற்றதுதான் விற்பனை. விடியும்போதே வடக்குக் காற்று அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல வீசியது. எட்டு மணிச் செய்தியில் ரேடியோ அறிவித்தது: இன்று மாநிலம் முழுக்க முழு நெருப்புத் தடை. காட்டுத்தீ பயத்தில் வெளியில் ஒரு தீக்குச்சிகூட உரசக்கூடாது என்று சட்டம்.

சொசேஜ் எல்லாம் குளிர்ப்பெட்டிக்குத் திரும்பிப்போனது. சனமோ பேப்பரைப் பார்த்து வந்து குவிந்துவிட்டது. பிரையன் விளம்பரத் தாள் கட்டு ஒன்றை என் கையில் திணித்து, "நெருப்பு இல்லாட்டி என்ன, நீ கதைச்சு வில்" என்றார்.

குளிர்ந்த அடுப்புக்குப் பின்னால் நின்று தாளை வாசித்தேன். சாறு சொட்டும் ஸ்டேக், கமகமக்கும் விலா எலும்பு என்று என்னென்னவோ. முன் வரிசையில் அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைக் கால்மேஸும் போட்ட ஒரு பெரிய மனிதர் நின்றார். பெயர் லெஸ் என்று பிறகு தெரிந்தது. இலவச சொசேஜ் கிடைக்காத கோபம் அவருக்கு.

"சரி, வாசிச்சது காணும். இதிலை சுட்ட ஸ்டேக் எப்பிடி ருசி? நீ சொல்லு பாப்பம்."

தாளில் பதில் இருந்தது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார், வாயில் பொய் வரவில்லை. "தெரியாது. நான் பிறந்ததிலை இருந்து இறைச்சி சாப்பிட்டதில்லை" என்றேன்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பிரையன் கண்ணை மூடிக்கொண்டார். இனி இழக்க ஒன்றுமில்லை என்று வந்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "ஆனால் கத்தரிக்காய் சுட்டால் எப்பிடி இருக்கும் எண்டு சொல்லட்டா?" என்றேன். சொன்னேன். தணலில் வைத்ததும் தோல் கறுத்துச் சுருங்கும், காம்படியில் ஆவி சீறும், பிழிந்ததுபோல் நீர் தணலில் விழும். தண்ணீரில் விரலை நனைத்து நனைத்துச் சூட்டோடு தோலை உரித்து, மசித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, தேசிக்காய் பிழிந்து...

"தேங்காய்ப்பாலா?" என்று ஒரு சத்தம். கறுப்புச் சட்டை போட்ட ஒரு கிரேக்க அம்மா கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "பால் கூடாது! உள்ளி, எண்ணெய், உப்பு. முடிஞ்சுது!"

எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் விட்டால் கத்தரிக்காயின் மணம் போய்விடும் என்றேன். பால் விட்டால் அது குழந்தைப்பிள்ளைச் சாப்பாடு என்றார். வாக்குவாதம் சூடேறியபோது நான் என்னை அறியாமல் தமிழுக்கு மாறிவிட்டேன், அவர் கிரேக்கத்துக்கு மாறிவிட்டார். இரண்டு பேரும் இல்லாத கத்தரிக்காயைக் கையால் உரித்துக் காட்டிச் சண்டை பிடித்தோம். ஒருவரும் நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு இத்தாலிக்காரர், சுடுவதென்றால் குடைமிளகாய்தான் என்று தன் பங்குக்குக் கத்தினார். "கத்தரிக்காய் எண்டால் என்ன சாமான்?" என்று லெஸ் பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

கடைசியில் அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்தப் பால் விடுற விசர் வேலையை உனக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டார்.

"என்ரை மனுசி."

"எங்கை அவ? கூப்பிடு, நான் கதைக்கிறன்."

"சிலோனிலை நிக்கிறா. இந்தப் பெட்டியள் முழுக்க வித்தால்தான் வருவா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. காது இரண்டும் சுட்டன.

அந்த அம்மா என்னை ஒருதரம் பார்த்தார், குவியலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, பிள்ளைகளை ஏசுகிற குரலில், "கேட்டதுதானே? இவன்ரை மனுசி வரவேணும். என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வாங்குங்கோ!" என்றார்.

முதல் பெட்டியைத் தூக்கியது லெஸ். அந்த அம்மா ஒன்றை வாங்கிக்கொண்டு போய், அரை மணித்தியாலத்தில் தம்பி, மச்சாள், கோயில் சினேகிதிகள் எல்லாரையும் வான் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். கடை சாத்துகிற நேரம் பெட்டிகள் நின்ற இடத்தில் சீமெந்துத் தரை தெரிந்தது. பிரையன் அதில் உட்கார்ந்து குளிர்பானம் குடித்தார். நெருப்பே மூட்டாத நாளில் அவ்வளவு அடுப்பு விற்றதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையே ஒருவர் ஆணி வாங்க வந்து, "வந்திட்டாவா?" என்று கேட்டார். பெயின்ட் வாங்க வந்தவர் கேட்டார். கிரேக்க அம்மா வாராவாரம் கேட்டுவிட்டு, அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போனார். அடுப்பு வாங்கியவர்கள் அத்தனை பேரும் என் மனைவியில் ஆளுக்கொரு பங்கு வைத்திருப்பதுபோல நடந்துகொண்டார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் அவள் வந்து இறங்கினாள். கூட்டிக்கொண்டுபோய்க் கடையில் காட்டினேன். வந்தவர்கள் எல்லாம் கை குலுக்கினார்கள். "இவையெல்லாம் ஆர்? எனக்கு ஏன் கை தருகினம்?" என்று அவள் காதுக்குள் கேட்டாள். கிரேக்க அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, மெலிந்துபோயிருக்கிறாள் என்று என்னை ஏசினார். கத்தரிக்காய் விஷயத்தில் மட்டும் அவர்கள் இருவரும் கடைசிவரை சமரசமாகவில்லை.

இப்போது தெருவோரம் அந்த ரக ஹிபாச்சி ஒன்று கிடந்தால் என்னால் தாண்டிப்போக முடிவதில்லை. அது எங்கள் கடையில் வாங்கியதென்றால், அந்த வீட்டிலும் என் மனைவிக்காக ஒருவர் காத்திருந்திருக்கலாம் அல்லவா?

அந்தக் கடை போய் அந்த இடத்தில் சாமான் பூட்டி வைக்கிற வாடகைக் கொட்டகைகள் வந்துவிட்டன. கிரேக்க அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம், கத்தரிக்காய் காய்த்த அவர் வளவில் நாலு வீடு நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். சனங்கள் பொத்தானை அமத்தி வாயு அடுப்பு மூட்டுகிறார்கள். கடைகளில் நாங்களே மெஷினில் காட்டிக் காசு கட்டிவிட்டு, ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வருகிறோம்.

லெஸ் மட்டும் நெடுங்காலம் இருந்தார். மல்கிரேவில் எங்கே கண்டாலும், என் மனைவி பக்கத்தில் தள்ளுவண்டியோடு நிற்க, என்னைப் பார்த்து, "என்ன மேட், வந்திட்டாவா?" என்பார். ஆரம்பத்தில் அவள் வெட்கப்படுவாள். பிறகு பிறகு, "இல்லை, அடுத்த கப்பலுக்காம்" என்று அவளே பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். நாற்பது வருடத்துக்கு மேலாக இதே கேள்வி, இதே பதில், மூன்று பேருக்கும் அதே சிரிப்பு.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய இறுதிச் சடங்குக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, "இஞ்சேருங்கோ, நான் வந்திட்டனோ எண்டு கேக்க இனி ஒருத்தரும் இல்லை, என்ன?" என்றாள் மனைவி.

"ஓம்" என்றேன்.