ஈர நோட்டும் இஸ்திரிப் பெட்டியும்

எங்கள் கடைத்தெரு வர்த்தகர் சங்கத்தின் தலைவர் பொய் சொல்கிறார். போன வாரம் சங்கத்தின் ஆண்டு விழாவில் கழுத்து நிறைய மாலையோடு நின்று சொன்னார்: யுத்தத்தில் செத்துக் கிடந்த இந்தத் தெருவை எழுப்பியது அவர் கட்டிய வளைவும் அவர் கொண்டுவந்த எலெக்ட்ரிக் விளக்கும்தானாம். அதே வாயால் இன்னொன்றும் சொன்னார். தெரு முனையில் இஸ்திரி போடும் மாடசாமியின் மேசை தெருவின் அழகைக் கெடுக்கிறதாம், மாதக் கடைசிக்குள் அதை எடுத்துவிட வேண்டுமாம். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் யுத்தம் முடிந்த பிறகு இங்கே கடை போட்டவர்கள். நடந்தது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். யுத்தத்துக்கு முன்பிருந்தே இந்தத் தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் தராசு பிடிக்கிறவன் நான். இன்றும் பிடிக்கிறேன்.

பலகை ஏறியது

எங்கள் தெரு கடற்கரையில் மீனவர்கள் குடியிருக்கும் திரேஸ்புரத்திலிருந்து டவுனுக்குப் போகிற வழி. காலையில் மீன்காரப் பெண்கள் ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த வழியாகத்தான் போவார்கள். வீடு வீடாக விற்று முடித்து மத்தியானம் வெறுங்கடகத்தோடு திரும்புவார்கள். திரும்பும்போது புளி, மிளகாய் வற்றல், எண்ணெய், சோப்பு, வெற்றிலை எல்லாம் எங்களிடம் வாங்குவார்கள். அன்றாடம் கையில் ரொக்கம் புரளும் சனம் அவர்கள்தான். தெருவே அந்த மத்தியானத்தை நம்பித்தான் இருந்தது. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

யுத்தம் வந்ததும் வெள்ளி ரூபாய் மறைந்தது. ஒற்றை ரூபாய்க்கும் காகித நோட்டு வந்தது. வெள்ளி நனைந்தால் துடைத்துக் கல்லாவில் போடலாம். காகிதத்தை என்ன செய்ய? மீன் தொட்ட கையால் வாங்கி, ஈர மடியில் செருகி, அந்தப் பெண்கள் கொண்டுவரும் நோட்டு பிசைந்த அப்பள மாவு போல இருக்கும். கல்லாவில் போட்டால் பக்கத்து நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் கிழியும்.

இன்றைய தலைவர் அன்று சங்கத்தின் செயலாளர். ஜவுளிக்கடைக்காரர். கூட்டம் போட்டுச் சொன்னார்.

"மொத்தக்காரன் ஒரு கட்டு நோட்ட அப்படியே திருப்பி அனுப்பிட்டான். இது ரூவாயா, கருவாடான்னு கேக்கான். இனிமே ஈர நோட்ட எவனும் கையால தொடக் கூடாது. தெரு முனையில போர்டு போட்டுருவோம்."

போட்டார். நல்ல வேங்கைப் பலகையில் வெள்ளை அடித்து, கறுப்பு எழுத்தில், "இத்தெருவில் ஈர நோட்டு வாங்கப்பட மாட்டாது." அடியில் சங்கத்தின் பெயர்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடுவான் என்ற பயம் வந்து ஊரே கலைந்தது. எங்கள் முதலாளி அண்ணாச்சியும் கடையை அடைத்து, குடும்பத்தோடு சொந்த ஊரான ஏரலுக்குப் போனார். பயம் தணிந்து எல்லோரும் திரும்பினார்கள். கடைகளின் நிரைப்பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். வாங்க ஆள் வரவில்லை.

"சனத்துக்குப் பயம் விடலை" என்றார்கள். செயலாளர் தெருவுக்குச் சுண்ணாம்பு அடித்தார், மாவிலைத் தோரணம் கட்டினார், சாயங்காலம் நாயனம் வைத்தார். நாயனக்காரருக்குக் கடைக்காரர்களாகிய நாங்கள்தான் கேட்கிற கூட்டம்.

எங்கள் அண்ணாச்சி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "ஏலே, தீபாவளி மட்டும் பாப்போம். அதுக்கு மேல தாங்காது. கடைய மூடிட்டு நான் ஏரலுக்கே போயிருதேன். நீயும் வேற எடம் பாத்துக்கோ."

பார்க்க வேறு இடம் எனக்கு இல்லை.

சந்துக்குள் பார்த்தது

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஊரில் அடுப்பு எரிகிறது. மீன் விற்கிறது. மீன் விற்றால் குழம்பு வைப்பார்கள். குழம்புக்குப் புளி வேண்டும், வற்றல் வேண்டும். எங்கள் வற்றல் மூட்டையில் வண்டு விழுகிறது. அப்படியானால் இந்த ஊருக்கு வற்றல் விற்கிறவன் யார்?

ஒரு மத்தியானம் தெரு முனையில் நின்றேன். எங்களிடம் வாடிக்கையாக வாங்கிக்கொண்டிருந்த மீன்காரி லூர்தம்மாள் வந்தாள். முனை வரைக்கும் வந்தாள், எங்கள் தெருவுக்குள் கால் வைக்காமல் இடது பக்கம் திரும்பினாள். பின்னாலேயே போனேன். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளின் பின்புறச் சந்து அது. முன்பு வண்டிமாடும் நாயும் மட்டும் கிடந்த இடம். இப்போது உள்ளே ஒரு பஜாரே இருந்தது. புளிக்கடை, எண்ணெய்க்கடை, வெற்றிலை, வளையல், காப்பி. புளியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தேன். மண். விலையும் எங்களைவிடக் கூடுதல். இந்த மண்ணைத் தேடியா இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

சந்தின் நடுவில் மீன்காரப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் முன்னால் மாடசாமி, இஸ்திரி மேசை, சிரட்டைக் கரி போட்ட பெட்டி. மீன் விற்கிறவள் சேலைக்கு இஸ்திரி போடுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். லூர்தம்மாள் மடியிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கம்பளியில் விரித்தார், மேலே பழைய வேட்டித் துணியைப் போட்டார், பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தார். ஆவி பறந்தது. துணியை எடுத்தால் நோட்டு கஞ்சி போட்ட மாதிரி நிமிர்ந்து கிடந்தது.

"என்னக்கா, ரூவாய்க்கு இஸ்திரியா?" என்றேன்.

"ஆமா தம்பி. ஒங்க தெருவுல எங்க ரூவாயக் கண்டா காலராக்காரனக் கண்ட மாதிரி ஒதுங்குதீய. இவரு சூடு வச்சுக் கொணமாக்குதாரு."

மாடசாமி தலை நிமிராமல் சொன்னார்: "தம்பிட்டயும் கசங்குனது எதாவது இருந்தாக் குடுங்க. மொகம் மட்டும் நம்ம பெட்டிக்கு நிமிராது."

பெண்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை. எப்படித் தொடங்கியது என்று கேட்டேன்.

"கிட்டங்கி கிளார்க்கு சட்டைக்குப் பெட்டி போட்டுக்கிட்டு இருந்தேன். ஒருத்தி நோட்டக் கையில வச்சுக்கிட்டு அழுதா. எவனும் வாங்கமாட்டேங்கானாம். குடு பாப்பம்னு சட்டைக்கு அடியில வச்சுத் தேச்சேன். மறுநாள் அவ நாலு பேரக் கூட்டியாந்துட்டா."

"கூலி?"

"நோட்டுக்கு ஒரு சாளை மீனு. வீட்டுல கொழம்புக்குக் கொறவில்ல."

நோட்டு காய்கிற இடத்தில் வெற்றிலைக்காரன் வந்தான். அவன் பக்கத்தில் எண்ணெய்க்காரன். அப்படியே சந்து நிறைந்துவிட்டது. எங்கள் தெருவில் சனம் குறைந்தது குண்டுக்குப் பயந்து இல்லை. நாங்கள் போட்ட பலகையைப் பார்த்துத் திரும்பினார்கள். பலகையும் குண்டுப் பயமும் அடுத்தடுத்து வந்ததால் எங்களுக்கு விளங்காமல் போயிற்று.

பலகை இறங்கியது

காய்ந்த நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்.

"வாடை போகலியே."

"போகல அண்ணாச்சி. ஆனா ஒட்டாது."

இன்னொரு தரம் முகர்ந்துவிட்டுக் கல்லாவில் போட்டார். இருவருமாகச் செயலாளரிடம் போனோம். மாடசாமியை நம் தெருவுக்குக் கூப்பிடலாம் என்றோம். அவர் காதிலேயே வாங்கவில்லை.

"மீன்காரியள இங்கன கொண்டாந்து வரிசையா நிறுத்தப் போறீயளா? யுத்தம் முடியட்டும். வளைவு கட்டுவோம், லைட்டு போடுவோம். சனம் தானா வரும்."

"வெளிச்சத்தப் பொட்டலம் போட்டா விக்க முடியும்?" என்று அண்ணாச்சி கேட்டார். திரும்பிவிட்டோம்.

மாடசாமியிடம் நாங்களே போனோம். அவர் யோசித்தார். "வாரேன். ஆனா அந்த போர்டு தொங்குத எடத்துல நான் பெட்டி போட்டா, ரெண்டுல ஒண்ணு பொய்யி. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

செயலாளரைக் கேட்காமலே நான் ஏணி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினேன். மாடசாமி அதைத் தட்டிப் பார்த்தார். வேங்கை என்றதும் அவருக்குப் பிடித்துவிட்டது. எழுத்து அடிப்பக்கம் போகும்படி கவிழ்த்து, நாலு கால்களின் மேல் ஆணி அடித்து, கம்பளியை விரித்தார். அதுதான் இன்றைக்கும் அவர் மேசை.

முதல் நாள் லூர்தம்மாளும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். எங்கள் புளியை அவள் உருட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணக் காணுமே, வேற எங்கயும் வித்துட்டியளோ" என்றாள். அந்தத் தீபாவளிக்குள் மத்தியானம் தெருவில் கால் வைக்க இடமில்லை. சந்துக்காரர்களே இங்கே வந்து வாடகைக்குக் கடை கேட்டார்கள். அண்ணாச்சி ஏரல் பேச்சை எடுக்கவே இல்லை.

யுத்தம் முடிந்த பிறகுதான் வளைவு வந்தது. திறப்பு விழாவில் ரிப்பன் கட்டுவதற்கு, இஸ்திரிக்கு நின்ற வரிசையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தெரு அதற்கு முன்பே பிழைத்திருந்தது.

இனிமேல் கடை போடுகிறவர்களுக்கு நான் படித்ததைச் சொல்கிறேன். ஆள் வரவில்லை என்றால் தோரணம் கட்டாதீர்கள். அவர்கள் எந்த முனையில் திரும்புகிறார்கள் என்று பின்னால் போய்ப் பாருங்கள். திருப்பிவிட்டது நீங்களாகவே இருக்கும்.

நோட்டு இன்றும் காகிதம்தான். மீன்காரியின் மடி இன்றும் ஈரம்தான். மேசை போனால் மாடசாமி எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். உப்புக் கிட்டங்கிச் சந்தில் நேற்று யாரோ இடம் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

தலைவரே, மேசையை எடுக்க ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள். பெண்கள் வரிசையில் நிற்கும் மத்தியான நேரத்தில் வாருங்கள். கம்பளியை எடுத்துவிட்டு அந்தப் பலகையைத் திருப்புங்கள். எழுத்து அழியவில்லை, நான் பார்த்தேன். மேடையில் பேசிய அதே குரலில் அதை உரக்க வாசியுங்கள். பிறகு, அதைத் தொங்கவிட்டது யார் என்று லூர்தம்மாள் கேட்பாள். தெரு முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.