முகம் ஒளிந்திருந்த சிவப்பு ரோபோ

கால் மாறி ஆடியும் தாளம் பிழையாத ஆலவாய்ப் பெருமானே, அருகிருந்து அதைக் கண்டு மகிழும் அங்கயற்கண்ணி அம்மையே, பிழைபட்ட நாவுடைய அடியேன் எழுதும் இதில் பொய்யும் மிகையும் புகாமல் காத்தருள வேண்டும்.

இன்று ஆனி உத்திர நன்னாள். காலையில் திருமஞ்சனம் கண்டு வில்லாபுரம் வீட்டுக்குத் திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடப்பதை இன்னும் அடக்கி வைத்தால் அது கசப்பாகவே கெட்டிப்பட்டுவிடும்.

நாங்கள் ஐந்து பேர் பதிகம் ஓதும் குழு. பசுமலையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். பேரையூரில் பருத்தி விதைக்கும் விவசாயி ஒருவர். நகரத்துக்குள் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர். வயதில் மூத்தவனாகிய நான். மாதந்தோறும் திருவாதிரை நாளில் ஒருவர் வீட்டில் கூடுவோம். முதலடியை நான் எடுப்பேன், நால்வரும் தொடர்வார்கள். புத்தகத்தை விரிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். விரிக்காமல் ஓதுவதை நாங்கள் பக்தி என்றே எண்ணியிருந்தோம். அதில் பெருமையும் பாதி கலந்திருந்தது என்பது இப்போது தெரிகிறது.

பேரையூரில் அந்த விவசாயியின் ஊர்ச் சிவன் கோயில் நெடுநாள் திருப்பணிக்குப் பின் வைகாசியில் குடமுழுக்குக் காண இருந்தது. எங்கள் குழுவே ஓத வேண்டும் என்று ஊரார் கேட்டிருந்தார்கள். அந்தச் சந்நிதியில் முதலடி எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வயதில் எனக்கு எஞ்சியிருந்த ஆசை.

இனி ரோபோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பாத்திரக்கடை அண்ணன் வீட்டு நவராத்திரிக் கொலுவில், கடைசிப் படியில், ஐந்து சிறிய ரோபோக்கள் நின்றன. சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் மகள் வைத்தவை. நிறத்துக்கு ஒன்றாக, தனித்தனி முகத்தோடு, தனித்தனி ஆயுதத்தோடு இருந்தன. பிளாஸ்டிக் பொம்மைக்கு அம்பாள் சந்நிதியில் என்ன வேலை என்று நான் முகம் சுளித்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டைக் காலாக மடக்கி, இரண்டைக் கையாகத் திருகி, சிவப்பை நடுவில் பொருத்தினாள். முழங்கை உயரத்தில் ஒரு மாவீரன் வாளோடு எழுந்து நின்றான். ஐந்தும் தம் முகங்களை உள்ளே மறைத்துக்கொள்ள, ஒரு பெருமுகம் வெளிப்பட்டது. ஐந்தெழுத்தையும் தனித்தனியே எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தவன் திடீரென மந்திரமாகச் சேர்த்துச் சொன்னது போல எனக்குப் பட்டது. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

பாத்திரக்கடை அண்ணன் விடவில்லை. கொலு முடிந்த நாளில் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு ரோபோவைத் தட்டில் வைத்து நீட்டினார். "இந்தாங்க, அஞ்சு பேருக்கு அஞ்சு. திருவாதிரைக்குத் திருவாதிரை கொண்டாந்து மாட்டணும். ஒருத்தர் மட்டம் போட்டாலும் சாமி நொண்டி!"

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாயிற்று. விளக்கேற்றியதும் ரோபோவைக் கூட்டி நிறுத்துவோம். பிறகே ஓதத் தொடங்குவோம். எனக்கு வாய்த்தது சிவப்பு. பெரியவனின் மார்பு அதுதான். அவன் முகமும் அதற்குள்ளிருந்துதான் எழும். நான் இல்லாமல் இவன் எழ முடியாது என்று உள்ளுக்குள் மகிழ்ந்ததை மறைக்க மாட்டேன்.

பங்குனித் திருவாதிரைக்கு முன்பு வாத்தியார் கைபேசியில் அழைத்தார். "முட்டி வலிண்ணே. தரையில உக்கார முடியல. ரெண்டு மாசம் போகட்டும், அப்புறம் கூடுவோம்."

நான் நம்பினேன். அவர் முழங்காலுக்காக நாள்தோறும் ஒரு பதிகம் ஓதினேன். திருநீற்றைப் பொட்டலம் கட்டி, அவர் மருமகன் வழியாக அனுப்பியும் வைத்தேன்.

சித்திரைத் திருவாதிரையன்று காலை பத்து மணி இருக்கும். கைபேசியில் பாத்திரக்கடைத் தம்பி வைத்திருந்த ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. வாத்தியார் வீட்டுக் கூடம். குத்துவிளக்கு. வாத்தியார் தரையில் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் உட்காரும் இடத்துக்கு அருகில் அறியாத ஒருவர். விளக்கின் பக்கத்தில் ரோபோ, வாளோடும் பெருமுகத்தோடும் முழுதாக நின்றது.

திரும்பிப் பார்த்தேன். என் சிவப்பு ரோபோ பூசை அலமாரியில் இருந்தது.

அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பசுமலைக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் பேரையூர்க்காரர்தான் முதலில் எழுந்தார்.

"வாங்கண்ணே! இம்புட்டு வெயில்ல எதுக்கு வந்தீங்க?"

"வெயில் பழகுனதுதான். கூப்பிடாத வீட்டுக்கு வாரதுதான் புதுசு."

பாத்திரக்கடை அண்ணன் தம்பியின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "உன்னைய யாருடா ஸ்டேட்டஸ் வைக்கச் சொன்னது?"

"நாலு பேரு பாத்துச் சந்தோசப்படட்டுமேன்னு..."

"பாத்துட்டாருல்ல. இப்பச் சந்தோசமா?"

நான் வாத்தியாரிடம் கேட்டேன். "முட்டி எப்படி இருக்கு?"

அவர் அப்போதும் சம்மணம் கலையாமல்தான் இருந்தார்.

என் ரோபோவை எடுத்து நின்றவனுக்கு அருகே வைத்தேன். மார்பில் இருந்தது புதுச் சிவப்பு. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். இணையத்தில் தனியாக ஒன்று கிடைக்காது, முழு செட்டாகத்தான் வாங்கினோம் என்றார் தம்பி. மற்ற நான்கும் பிரிக்காத உறையோடு சன்னல் விளிம்பில் கிடந்தன. என்னிடம் ஒன்றைக் கேட்பதற்குப் பதிலாக ஐந்தை வாங்கியிருக்கிறார்கள். என்னுடையதில் ஒரு கொக்கி தேய்ந்து வலக்கை அடிக்கடி கழன்று விழும். புதியது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அதைப் பார்த்ததுதான் இன்னும் வலித்தது.

"சரி, ஆரம்பிப்போம்" என்று உட்கார்ந்து முதலடியை எடுத்தேன். வேறு வழியில்லாமல் அவர்களும் தொடர்ந்தார்கள். புதியவர் அவனியாபுரத்து ஓய்வுபெற்ற தபால்காரர். எங்கள் வழக்கம் தெரியாமல் மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். முதல் ஆறு பாட்டும் நன்றாகப் போயின. ஏழாம் பாட்டில் தபால்காரரின் குரல் மட்டும் எங்களோடு சேராமல் வேறு சொற்களில் தனியே ஓடியது. நான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன்.

"தம்பி, பாடம் தப்புது."

அவர் பதறி, புத்தகத்தில் விரலை வைத்தார். "இல்லீங்களே சார். ஏழாம் பாட்டு இதுதானே? நீங்க அஞ்சு பேரும் பாடுறது வேற ஊருப் பதிகமால்ல இருக்கு?"

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னதே சரி. ஒரே பண்ணிலும் ஒரே சந்தத்திலும் அமைந்த இரண்டு பதிகங்கள் உண்டு. ஏழாம் பாட்டின் தொடக்கத்தில் என் நா, என்னை அறியாமல், ஒரு தலத்திலிருந்து மற்றொரு தலத்துக்குத் தாவியிருக்கிறது. ஆனால் நால்வர்? நால்வரும் என்னோடு கூடவே தாவினார்கள். ஒரு அசை தடுமாறவில்லை. முன்பே பழகாமல் அப்படி ஓத முடியாது.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டேன்.

"போன வருசம் மாசியிலேருந்துண்ணே" என்றார் பேரையூர்க்காரர். "நீங்க எங்க திரும்புறீங்களோ அங்க நாங்களும் திரும்பிக்கிருவோம். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு."

"சொல்லியிருக்கலாமே."

"யாரு சொல்றது? நாலு பேரும் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எம் பேருதான் வந்துச்சு. எனக்கு வாய் வரலண்ணே."

வாத்தியார் அப்போதுதான் பேசினார். "பேரையூர்ல சனம் புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டுப் பாக்கும்ணே. அங்க நீங்க தடம் மாறுனா சிரிப்பாங்க. எங்களால அதத் தாங்க முடியாது."

"அவங்க சிரிக்கிறது இருக்கட்டும். நாலு பேரும் தெரிஞ்சே தப்பாப் பாடுனதச் சாமி ஒரு வருசமாக் கேட்டுச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

நானே இறங்கி வந்தேன். புத்தகத்தை விரித்து வைத்துப் பின்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறேன், பேரையூருக்கு நானும் வருகிறேன் என்றேன். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதைப் பெருமான் அறிவான். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 'வாங்கண்ணே' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

குடமுழுக்குக்கு ஒரு வாரம் முன்பு வாத்தியார் வீடு தேடி வந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பொன்னாடை போர்த்துவதாக ஊரார் சொல்கிறார்களாம். "பாடாத வாய்க்குப் பொன்னாடை எதுக்கு? போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

ஆயினும் போனேன். பேருந்தில் தனியாகப் போய், கூட்டத்தின் கடைசியில் ஒரு வேப்ப மரத்தடியில் புத்தகத்தை விரித்து நின்றேன். நால்வரும் தபால்காரரும் ஓதினார்கள். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். ஒரு பிழையாவது வர வேண்டும் என்று என் மனம் தேடியது. சந்நிதி வாசலில் நின்றுகொண்டு அப்படித் தேடியதற்காகப் பின்னர் வெட்கினேன். பிழை ஒன்றும் இல்லை. கலசத்தில் நீர் ஊற்றியபோது எல்லோரும் கை கூப்பினார்கள், நானும் கூப்பினேன். யாரையும் பார்க்காமல் திரும்பினேன்.

நினைவு தளர்வது வயதின் இயல்பு. அதற்காக நான் யாரையும் நோகவில்லை. ஓராண்டு முழுவதும் என் முதலடிக்குப் பின்னால் நான்கு குரல்கள் பொய்யாக வந்தன. அந்தப் பொய்யைக் கேட்டு நான் இறையருள் என்று கண் கலங்கியும் இருக்கிறேன். ஆறாதிருப்பது அதுதான். அவர்கள் அழைப்பு வரும்போது இன்றும் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறேன். அன்பால் செய்தார்கள் என்கிறார் என் மனைவி. இருக்கலாம். ஆனால் அந்த அன்பு என்னைக் கேட்காமல் என்னை விலக்கியது.

தபால்காரரை மட்டும் நானே அழைத்தேன். வாரம் ஒருமுறை வந்து உடன் ஓத முடியுமா என்று கேட்டேன்.

"வாரேன் சார். ஆனா தப்பு வந்தா அங்கனயே நிறுத்திருவேன், பரவாயில்லையா?"

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

சென்ற வாரம் மூன்று முறை நிறுத்தினார். மூன்று முறையும் கோபம் வந்தது. மூன்று முறையும் முதலிலிருந்து ஓதினேன்.

இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் நீடு வாழ்க. உங்கள் நாவில் நல்ல சொல் தங்குக. அது தளரும் நாளில், முகத்துக்கு நேரே வந்து சொல்லும் ஒரு துணையை ஆலவாய் அண்ணல் உங்களுக்குத் தந்தருள்க. அதைக் கேட்டுப் பொறுக்கும் மனத்தையும் சேர்த்தே தந்தருள்க.