லெப்ட் கார்னரின் அரை நொடி

போன ஞாயிற்றுக்கிழமை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். தலையில் கூண்டு, தோளில் மெத்தை என்று மாட்டிக்கொண்ட ஓர் ஆள், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவனை எல்லாம் மோதிச் சாய்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் ஓய்வு பெறுகிறாராம். அவர் ஆடிய அத்தனை வருடங்களையும் ஐந்து நிமிடத்துக்குச் சுருக்கி, பின்னால் வயலின் வாசித்து, கடைசியில் அவர் அழுவதோடு முடித்திருந்தார்கள். "இங்க புட்பால்ல லைன்பேக்கர்னு சொல்லுவாங்க சித்தப்பா. கபடில நீங்க ஆடுன லெப்ட் கார்னர் மாதிரிதான். வர்றவனப் புடிச்சுப் போடறதுதான் வேலை" என்று குரல் பதிவு வேறு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் என் ஆட்ட வாழ்க்கையை அப்படிச் சுருக்கினால் முக்கால் நிமிடம்கூடத் தேறாது. வயலின்காரர் வில்லை எடுப்பதற்குள் முடிந்துவிடும்.

தைல வாசனை வந்தாலே எனக்கு எங்கள் ஊர் இண்டூர் பக்கத்து மைதானங்கள்தான். எங்கள் டீமுக்கே ஒரு பாட்டில்தான், அதையும் கேப்டன் இடுப்பில் செருகிக்கொண்டே ஆடுவார். எதிர் டீம்காரர்கள் தேங்காய் எண்ணெய் கொண்டுவருவார்கள். எதற்கு என்கிறீர்களா? கணுக்காலில் தடவிக்கொள்ளத்தான். நான் பிடித்தால் வழுக்க வேண்டுமாம். நான் உள்ளங்கையில் மண்ணை அள்ளித் தேய்த்துக்கொள்வேன். கணுக்கால் பிடிக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னை அடிக்க ஆளில்லை என்று பேச்சு.

அந்தப் பேச்சின் ரகசியத்தை இப்போது உங்களிடம் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் ஆகிவிட்டது, இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

பென்னாகரத்து டீமில் மாதேஷ் என்று ஒரு ரெய்டர். கபடி பாடி வந்தால் குதிரை உதை. ஒருநாள் அவன் உதைத்த கால் என் நெஞ்சில் பட்டது. தொட்டாயிற்று, நடுக்கோட்டுக்குத் திரும்பி ஓடியிருந்தால் நான் அவுட். அவனோ ஓடவில்லை. கபடி கபடி என்று பாடிக்கொண்டே குனிந்து, என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்! யார்மேல் கால் பட்டாலும் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து அவன் அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்தது. அது மூளைக்குப் போகாமல் நேராகக் கைக்கே வந்துவிட்டது. அந்த அரை நொடியில் கணுக்காலைப் பிடித்து இழுத்துப் போட்டேன்.

அப்புறம் பார்த்தால் எல்லோருக்கும் அந்த வியாதி இருந்தது. முழுசாகக் குனியாதவனுக்கும் கை லேசாக எழும்பும், கால் ஒரு கணம் தயங்கும். அது போதும் எனக்கு. வேண்டுமென்றே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாதேஷ் கத்தினான்: "கும்புடறப்பப் புடிக்கறியேடா, நீயெல்லாம் மனுசனா?" மேட்ச் பார்க்க வந்த என் அம்மாவோ பெஞ்சிலிருந்தே சாபம் விட்டாள். "இப்படிப் பண்ணுனா நீ வெளங்குவியாடா?"

விளங்கத்தான் போகிறேன் என்று நினைத்தேன். சென்னையில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் என் பிடியைப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போனார்கள். மூன்று மாதம் தற்காலிகம். கடைசியில் எங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரித்து ஒரு மேட்ச், அதில் தேறினால் வேலை பர்மனென்ட். என் தாய்மாமன் மகள் சித்ராவை எனக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். மாமா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "வேலை பர்மனென்ட்டு ஆவட்டும் மாப்ள. அன்னிக்கே நாள் குறிச்சுரலாம்." ஆக அந்த மேட்சில் வேலையும் இருந்தது, சித்ராவும் இருந்தாள்.

சென்னையில் முதல் நாளே புரிந்துவிட்டது, நான் தொலைந்தேன் என்று. அங்கே அரியானாக்காரர் ஒருவர் ரெய்டர். தாடையில் உதைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். நான் வழக்கம்போல அவர் குனிவார் என்று காத்திருந்தேன். அவர் எதற்குக் குனிகிறார்? கோட்டைத் தாண்டித் தண்ணீரும் குடித்துவிட்டார். ஒரு வாரம் அப்படியே போனது. என்னிடம் இருந்ததெல்லாம் மற்றவர்களின் மரியாதைதான், திறமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது நிஜமாகவே பயந்துபோனேன். ஆனால் விடவில்லை. சித்ராவை நினைத்துக்கொண்டு, விடிந்தது முதல் விழுந்து புரண்டு, உதை வருமுன்னே பாயக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது மாதம் அரியானாக்காரரே தட்டிக்கொடுத்தார்.

கடைசி மேட்ச். சரிசமமான பாயிண்ட். கடைசி ரெய்டு அதே அரியானாக்காரர். உதைத்தார், நான் பாய்ந்து பிடித்துவிட்டேன். சரியான பிடி! ஆள் குப்புற விழுந்து கோட்டை நோக்கித் தவழ்கிறார், நான் விடாமல் புரள்கிறேன். புரண்டதில் என் குதிகால் போய் அவர் மூக்கில் பட்டுவிட்டது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். கையை விட்டுவிட்டேன். அவர் தோளைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண்ணிலிருந்து கையை எடுத்துப் பார்த்தால் அவர் விரல் கோட்டில் இருந்தது.

கோச் ஓடிவந்தார். "என்னய்யா பண்ண?"

"கால் பட்டுருச்சுங்க சார்."

"எங்க?"

"அவரு மூஞ்சிலங்க."

"அதனால?"

வேலை இல்லை என்று ஆகிவிட்டது, அன்று ராத்திரியே பெட்டியைக் கட்டினேன்.

ஊருக்கு வந்து, பென்னாகரத்து மாமா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வாயில் இருந்த வெற்றிலை சிதறச் சிரித்தார், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "மொதல்ல ஒரு வேலையத் தேடு மாப்ள" என்றார். உள்ளேயிருந்து சித்ரா என்னைக் கேட்டாள்: "ஏன் மாமா, பாயிண்ட வாங்கிப்புட்டு அப்பறமாக் கும்புட்டிருக்கக் கூடாதா?" மூன்று மாதத்தில் எந்தக் கோச்சும் இவ்வளவு நல்ல யோசனை சொன்னதில்லை. பென்னாகரத்தில் பஸ் ஏறி இண்டூர் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்காரர், "பெரிய சாவுங்களா?" என்று விசாரித்தார்.

இரண்டு வருடம் கழித்துப் பால் சொசைட்டியில் வேலை கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. மெட்டி போட நான் குனிந்து சித்ராவின் காலைப் பிடித்ததும், பந்தலில் இருந்து மாதேஷ் கத்தினான்: "இந்தத் தடவையாவது வுட்றாதடா!" ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

போன மாதம் இங்கே நடந்த போட்டிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். மண் இல்லை, ரப்பர் விரிப்பு. எல்லோர் காலிலும் ஷூ. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், எத்தனை உதை! நெஞ்சில், தோளில், ஒன்று காதிலேயே. ஒருத்தன் கையும் எழும்பவில்லை. நன்றாகத்தான் ஆடினார்கள், எங்களைவிட நன்றாக. ஆட்டம் முடிந்து ஓடிய ஒரு பையன் ஷூவோடு என் பாதத்தை நச்சென்று மிதித்துவிட்டு, "சாரி அங்கிள்!" என்றான். திரும்பிப் பார்த்தபோது பத்தடி தள்ளிப் போயிருந்தான். அவன்மேல் கோபமில்லை, மரியாதையாகத்தானே சொன்னான்? ஆனால் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் பிடித்தவர்கள் எல்லோரும் எனக்காக அரை நொடி நின்றவர்கள். ஓடிக்கொண்டே சாரி சொல்கிறவன் ஒருத்தனைக்கூட நான் பிடித்திருக்க மாட்டேன்.